ரெஜானுக்குப் போட்ட மாலை

எங்கள் மேர்ல் அணிக்கு மனேஜரை மாற்ற வேண்டும் என்று முதலில் எழுதியவள் நான்தான். பிறகு ஆளாளுக்கு ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். மனுசனுக்கு வயது போய்விட்டது என்றார்கள், இளம் ஆள் வேண்டும் என்றார்கள். ஆனால் பிள்ளையார் சுழி போட்டது இந்தப் பாலாம்பிகை. அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல ஏலாது.

மேர்ல் என்பது இங்கே பனி கரைந்ததும் வந்து புல்லைக் கொத்துகிற, நெஞ்சு சிவந்த ஒரு குருவி. அந்தப் பெயரில் மொன்றியல் நகரத்துச் செயின்ட்-மிஷேலில் ஒரு பேஸ்போல் அணி இருக்கிறது. தொலைக்காட்சியில் காட்டுகிற பெரிய அணி என்று நினைத்துவிடாதீர்கள். மொன்றியலுக்கு அப்படி ஒன்று இருந்து, ஊரை விட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. எங்களுடையது பார்க்கில் விளையாடுகிற அணி. கிழமை நாளில் லொறி ஓடுகிற, பிட்சா போடுகிற, கொலேஜில் படிக்கிற பெடியள் ஞாயிறு பின்னேரம் சிவப்புச் சட்டையோடு இறங்குவார்கள். அதில் நாலைந்து பேர் எங்கள் பிள்ளைகள் என்பதால் மூன்றாம் பேஸ் பக்கத்து வாங்குகள் முழுக்கத் தமிழ். ரோல்ஸும் கடலை வடையும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் வரும். அம்பயருக்குத் தமிழில் விழுகிற ஏச்சு அவருக்கு விளங்காது. அது அவர் செய்த புண்ணியம்.

நாங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த சனம். முதல் வருடம், அடித்தவன் ஏன் மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறான், ஒரு மரியாதை இல்லையா என்று கோபித்தோம். இப்போது என்னிடம் கேட்டால் எந்தப் பெடியன் எந்தப் பந்துக்கு ஏமாறுவான் என்று நித்திரையிலும் சொல்லுவேன்.

போன செப்டம்பர் இறுதி ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ். மூன்றுக்கு இரண்டு என்று நாங்கள் முன்னுக்கு நிற்கிறோம். பந்து எறிகிறவன் சிவாஜினியின் மகன் யதுர்ஷன். சிவாஜினி எனக்குக் கீழ்மாடி, எனக்குத் தங்கச்சி மாதிரி. பெடியன் அன்றைக்கு அருமையாக எறிந்தான். எண்பத்தொரு பந்துதான் போயிருந்தது, நான் விரல் இறைகளில் எண்ணிக்கொண்டிருந்தேன். நூறுக்குக் கிட்டப் போனால்தான் எறிகிறவனின் கை களைக்கும். அப்போது எங்கள் மனேஜர் ரெஜான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடுவுக்கு நடந்து வந்தார். பெடியனின் முதுகில் தட்டி, பந்தை வாங்கி, இன்னொருவனிடம் கொடுத்தார். அந்த இன்னொருவனின் மூன்றாவது பந்து வேலிக்கு மேலால் பறந்து, ரோட்டில் நின்ற காரின் கூரையில் விழுந்தது. ஏற்கெனவே இரண்டாம் பேஸில் ஒருவன் நின்றதால் அவர்களுக்கு இரண்டு புள்ளி. கோப்பை அவர்களோடு போனது.

அந்த இரவு எனக்கு நித்திரை இல்லை. அடுத்த நாள் காலை புவாண்ட்-கிளேருக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து எழுதினேன். நான் அங்கே ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன். மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் மாறிப் போக ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும், கோபத்தை வளர்க்க அது போதும். எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் ஐம்பத்தாறு பேர். "எண்பத்தொரு பந்தோட பெடியனை எடுக்கிறது என்ன மனேஜர் வேலை? இந்த மனுசனுக்கு இனி இது சரிவராது. மாத்துங்கோ" என்று போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்திவிட்டார்கள். அந்தக் கிழமை முடிய, யாரோ ஒரு கெட்டிக்காரன் அதைப் பிரெஞ்சில் மாற்றி, ஒரு மனுவின் தலையில் வைத்து, கீழே கையெழுத்து வாங்கி, அணியின் கமிட்டிக்குக் கொடுத்துவிட்டான். முதல் பெயர் என்னுடையது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை.

ரெஜான் எனக்கு யார் என்று இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் என்னைக் காறித் துப்புவீர்கள். துப்புங்கள்.

ஏழு வருடத்துக்கு முன் என் மனிதர் உருத்திரமூர்த்திக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு உணவகக் குசினியில் நின்ற நிலையில் விழுந்தார். உயிர் தப்பியது, வலக்கையும் பேச்சும் போனது. ஆஸ்பத்திரியால் வந்து எட்டு மாதம் ஜன்னலைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். பார்க்க வருகிற சனம் தோடம்பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டு வந்து, அவரை முன்னால் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்பார்கள், "இப்ப அவருக்கு எப்பிடி?" சிலர் செவிடனுக்குச் சொல்வது போலக் கத்திக் கதைப்பார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் குளிப்பாட்டி, தீத்தி, சட்டை மாற்றி விட்டேன். எல்லாம் செய்தேன், ஆனால் ஆள் அந்தக் கதிரையில் இல்லை.

நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதால் ஒரு ஞாயிறு பிடிவாதமாக இழுத்துக்கொண்டு பார்க்குக்குப் போனேன். ஏதோ விளையாட்டு நடந்தது, வாங்கு இருந்தது, இருந்தோம். கொஞ்ச நேரத்தில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் நேரே இவரிடம் வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. இவரிடம் ஏதோ பிரெஞ்சில் சொல்லி, மைதானத்து மூலையில் இருந்த பச்சைப் பலகையைக் காட்டினார். புள்ளிகளை இலக்கத் தகடுகளாக ஆணியில் கொழுவுகிற பழைய மரப் பலகை. ஒரு கட்டுத் தகட்டை இவருடைய மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இவர் என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், எழும்பிப் போனார்.

அடுத்த ஞாயிறு நான் எழும்ப முதல் இவர் இடக்கையால் முகம் வழித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடை முடிய முதல் 'நாலு' என்று வாய் திறந்து சொன்னார். அடுத்த வருடம் பெடியளோடு அரைகுறைப் பிரெஞ்சு. மூன்றாம் வருடம், அது அவுட் இல்லை என்று நான் சொல்ல, அவுட்தான் என்று என்னோடு சண்டை பிடித்தார். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதேன், சண்டை பிடிக்க எனக்கு ஆள் திரும்பக் கிடைத்துவிட்டது என்று.

இதற்கு நான் ரெஜானுக்கு ஒரு நன்றி சொன்னேனா? இல்லை. முதல் வருடம் பிரெஞ்சு போதாது. பிறகு வெட்கம். பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் காண்கிற மனுசன்தானே, பேந்து சொல்லலாம். அப்படியே ஏழு கோடை போனது. கடைசியில் சொன்ன ஒரே விசயம் 'மாத்துங்கோ'. இவர் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு போனை மேசையில் குப்புற வைத்தார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அவர் கதைக்காமல் இருந்தால் எனக்கு அந்த எட்டு மாதமும் திரும்ப வரும்.

பனிக்காலம் முழுக்க இதே கதைதான். கோயிலில் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டு வரிசையில், மெட்ரோவில், பிறந்தநாள் வீடுகளில். மாசி மாதம் சிவாஜினி வீட்டில் இது ஒரு பட்டிமன்றமாகவே நடந்தது. கமிட்டி எங்களுடைய கருத்தைக் கேட்டு எழுதியிருந்தது. ரெஜானே இருக்கட்டுமா, அல்லது விதுர்சனா?

விதுர்சன் எங்கள் பெடியன். முப்பத்துமூன்று வயது, இங்கேயே பிறந்து வளர்ந்து, மேர்லுக்குப் பத்து வருடம் பந்து பிடிக்கிற கட்சராக விளையாடி, இப்போது ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார்.

"ஒரு தமிழ்ப் பெடியன் மனேஜரா வாறது சின்ன விசயமே?" என்று தொடங்கினாள் சிவாஜினி. "இந்த நாட்டில எத்தினை இடத்தில எங்கட ஆக்கள் தலைமைக் கதிரையில இருக்கினம்? வாற சீதேவியைக் காலால தள்ளுறதே?"

சண்முகவேல் சேர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர், பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஞாயிறும் பியர்பொன்ட்ஸில் இருந்து கார் ஓட்டி வந்து, ஒரு கொப்பியில் ஒவ்வொரு பந்தையும் குறிப்பார்.

"நம்ம பையன்னு பார்க்காதீங்கம்மா. ரெக்கார்டைப் பாருங்க. இருபத்திரண்டு வருஷத்துல பதினாலு வருஷம் பிளே-ஆஃப் வந்திருக்கோம். இந்த மாதிரி பார்க் டீமுக்கு வேற எவன் அப்படிக் கொண்டு வருவான்?"

"பிளே-ஆஃபை விடுங்கோ சேர். கோப்பை எத்தினை?"

"ரெண்டு."

"இருபத்திரண்டு வருசத்தில ரெண்டு! என்ர பிள்ளையை அண்டைக்கு எடுக்காம விட்டிருந்தா மூண்டு!"

"சரிம்மா, ஒரு நாள் தப்பு பண்ணினார். அதுக்காக ஒரு மனுஷனைத் தூக்கி எறிஞ்சிடலாமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்றவங்கதானே நாம?"

"அவர் எங்க உப்புப் போட்டவர்? ரோல்ஸும் வடையும் நாங்கள்தான் அவருக்குக் குடுத்தனாங்கள்!"

வீடு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உப்பு எனக்குத்தான் போட்டவர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சிவாஜினி என் பக்கம் திரும்பி, "ஏன், முதல் எழுதினது நீங்கள்தானேயக்கா. சேருக்குச் சொல்லுங்கோவன்" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் திறந்த வாயில் ஒரு வடையை வைத்து மூடினேன். அந்த வீட்டில் நான் வாய் மூடி இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

கடைசியில் கருத்துக் கணிப்பு தேவைப்படவில்லை. பங்குனியில் ரெஜான் தானே கமிட்டிக்குப் போய், எனக்குப் போதும், விதுர்சனைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். சிவாஜினி பாற்சோறு பொங்கினாள். நான் அதைத் தொடவில்லை.

வைகாசி தொடக்கத்தில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் பிரியாவிடை வைத்தோம். நாங்கள் ஒன்று செய்தால் ஒழுங்காகச் செய்வோம். பொன்னாடை, சட்டம் போட்ட வாழ்த்துமடல், இரண்டு மேசை நிறையச் சாப்பாடு. சண்முகவேல் சேர் சென்னையில் இருந்து ஒரு சந்தன மாலை கொண்டு வந்திருந்தார். சந்தனச் சீவல்களில் கட்டி, சரிகைக் குஞ்சம் தொங்குகிற மாலை. அதைக் கழுத்தில் போட்டதும் ரெஜான் குனிந்து மணந்து பார்த்தார். இரவு முழுக்கக் கழற்றவில்லை.

நான் ஒரு கிழமையாக ஒரு பிரெஞ்சு வசனம் பாடமாக்கியிருந்தேன். வேலையிடத்தில் ஒரு பெண்ணிடம் காட்டித் திருத்தியும் வைத்திருந்தேன். என் மனிதர் நோயோடு இருந்தபோது நீங்கள் அவரை எழுப்பி விட்டீர்கள், இரக்கப்பட்டு அந்தப் பலகையைக் கொடுத்தீர்கள், அதற்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருப்பேன் என்று அர்த்தம். போட்டோ எடுக்கிற வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. ரெஜான் முகம் மலர்ந்து, "மதாம் பாலா!" என்றார். அந்தச் சிரிப்பைக் கண்டதும் எனக்கு அந்த மனுவின் தலையில் இருந்த என் பெயர் கண் முன்னால் வந்து நின்றது. வசனம் எங்கேயோ போய்விட்டது.

"தேத்தண்ணி வேணுமா?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"மெர்சி" என்று நன்றி சொல்லி வாங்கிக் குடித்தார். அவ்வளவுதான். அந்தக் கிழமையே ரெஜான் பியர்பொன்ட்ஸில் மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டார்.

வைகாசிக் கடைசி ஞாயிறு இந்த வருடத்தின் முதல் ஆட்டம். தகடு அடுக்க வேண்டும் என்று இவர் அவசரப்படுத்தியதால் நாங்கள் வேளைக்கே போய்விட்டோம். இவர் பலகைப் பக்கம் போனார். நான் வாங்கில் துணி விரித்து இடம் பிடித்துவிட்டு, சும்மா வீரர்கள் இருக்கிற கொட்டிலை எட்டிப் பார்த்தேன்.

உள்ளே சுவரில் ரெஜானின் பெரிய படம். படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தது. கீழே ஒரு மட்டையில் 'மெர்சி ரெஜான்' என்றும் '2003 – 2025' என்றும் எழுதியிருந்தது.

இரண்டு வருடம், நடுவில் ஒரு கோடு. எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. தோற்றம், மறைவு. எழுபது வயது மனுசன் 2003-இல் எப்படிப் பிறந்திருப்பார் என்று கேட்க அந்த நேரம் எனக்கு மூளை இல்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான் அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்தேன். எழுபது வயது மனுசனை எழுதித் துரத்திவிட்டு, ஏழு வருடக் கடனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். இனி எங்கே போய்ச் சொல்லுவேன்? அங்கே மூலையில் என் மனிதர் ஒன்றும் தெரியாமல் பூச்சியங்களைக் கொழுவிக்கொண்டு நின்றார். இதை எப்படி அவருக்குச் சொல்வது?

குழுவில் எழுதினேன். "ரெஜான் மோசம் போயிட்டார். படத்துக்கு மாலை போட்டிருக்கு."

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரிந்தால். ஐந்து நிமிடத்தில் நாற்பது ஆழ்ந்த அனுதாபம். பதினைந்து நிமிடத்தில், குத்துவிளக்கும் வெள்ளைப் புறாவும் வைத்து, ரெஜானின் தொப்பி போட்ட தலையை முகில்களுக்கு நடுவில் ஒட்டி, ஒரு கண்ணீர் அஞ்சலி வந்து விழுந்தது. கீழே ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள். மனுவில் கையெழுத்துப் போட்ட அதே ஆட்கள். என் மகனுக்குத் தகப்பன் இல்லாத குறையைத் தீர்த்தவர் என்று ஒருத்தி. என் பிள்ளையைச் சிறைக்குப் போக விடாமல் மைதானத்துக்குக் கூட்டி வந்தவர் என்று ஒருவர். இதெல்லாம் மாசி மாதம் எங்கே கிடந்தது என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு, கோபப்பட நான் யார் என்றும் வந்தது. நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும் என்பார்கள். நாங்கள் மரத்தைத் தறித்துவிட்டு வெயிலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம்.

சிவாஜினி ஓடி வந்து என் தோளில் விழுந்தாள். "அந்த மனுசனை நான் எவ்வளவு பேசினனான் அக்கா. ரெண்டு கோப்பை எண்டு நக்கலடிச்சனானே!"

"நான் என்ன செய்தனான் எண்டு உனக்குத் தெரியாதடி" என்று நானும் அழுதேன்.

ஆட்டம் தொடங்கியது. விதுர்சனும் பெடியளும் ஒன்றும் நடக்காதது போலச் சிரித்து விளையாடினார்கள். துக்கத்தை அடக்கிக்கொண்டு விளையாடுகிறார்கள், எவ்வளவு திடம் என்று மெச்சிக்கொண்டோம். மூன்றாவது இன்னிங்ஸ் தொடங்க, மூன்றாம் பேஸ் பக்கம் முழுக்க எழும்பி நின்றோம். ஆம்பிளைகள் தொப்பியைக் கழற்றினார்கள். அறுபது பேர், ஒரு சத்தம் இல்லை. எங்கள் பக்கத்தில் இருந்து ஏச்சு வராததால் அம்பயர் பயந்துபோய் ஆட்டத்தை நிறுத்தினார். விதுர்சன் எங்களிடம் ஓடி வந்தான்.

"அன்ரி, என்ன நடந்தது? ஆர் செத்தது?"

"உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே ராசா? ரெஜான்."

அவனுடைய முகம் வெளிறியது. பிறகு ஏதோ யோசித்தான். "ரெஜானோ? ஒரு மணித்தியாலத்துக்கு முதல்தானே என்னோட போனில கதைச்சவர். யதுர்ஷனை எத்தினை பந்தோட எடுக்கோணும் எண்டு ஒரே சண்டை."

"அப்ப மாலை?"

"என்ன மாலை?"

"படத்துக்குப் போட்ட மாலை!"

"அது பெடியள் போட்டது அன்ரி. அவர் இஞ்ச வைக்கச் சொல்லித் தந்திட்டுப் போனவர். வடிவா இருக்கெண்டு கொழுவினவங்கள். கீழ கிடக்கிறது அவர் மனேஜரா இருந்த வருசம்."

சிவாஜினியின் கண்ணீர் நின்ற வேகத்துக்குக் கோபம் வந்தது. "அவங்கள் பிரெஞ்சுப் பெடியள், அவங்களுக்குத் தெரியாது. நீ ஒரு தமிழ்ப் பிள்ளை! படத்துக்கு மாலை போட்டா என்னெண்டு உனக்குத் தெரியாதே?"

விதுர்சன் உண்மையாகவே யோசித்துவிட்டுச் சொன்னான், "எங்கட வீட்டில சாமிப் படத்துக்கும் போடுறதுதானே அன்ரி."

சண்முகவேல் சேர் முதலில் சிரித்தார், பிறகு வாங்கு முழுக்கச் சிரித்தது. அதற்குள் கண்ணீர் அஞ்சலி டொரொன்ரோவுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லாரும் என்னைப் பிடித்து ஏசினார்கள். பொய்ச் செய்தி பரப்பிய எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனுசன் உயிரோடு இருக்கிறார், எனக்கு இன்னொரு தரம் கிடைத்திருக்கிறது என்பதைத் தவிர வேறு ஒன்றும் என் தலையில் ஏறவில்லை. அப்படி ஒரு சந்தோசம் எனக்குப் பல வருடமாக வந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமையே புறப்பட்டோம். சண்முகவேல் சேர் காரில் கூட்டிப் போகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். நேர்த்திக்கடனுக்குப் போகிறவள் சொகுசாகப் போகக்கூடாது. மெட்ரோ, பிறகு ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ். மடியில் முப்பது ரோல்ஸ். பக்கத்தில் இவர், புதிதாக முகம் வழித்து, கோடு போட்ட சேர்ட்டோடு.

மகளின் வீட்டு முற்றத்தில் ரெஜான் வேலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் தூரிகையைப் போட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர், இருமும் வரைக்கும் சிரித்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"மதாம் பாலா! செத்தவனுக்கு இவ்வளவு நல்ல பேர் கிடைக்குமெண்டு தெரிஞ்சிருந்தா எப்பவோ செத்திருப்பன்."

போனை எடுத்துக் காட்டினார். பெடியள் எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பி, மொழிமாற்றியும் கொடுத்திருந்தார்கள். குத்துவிளக்கு, புறா, எல்லாம். "நாலு தரம் வாசிச்சன். இதெல்லாம் ஒருத்தருக்கும் உயிரோட இருக்கேக்க கிடைக்கிறேல்லை" என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, "உங்கட பேரைத் தேடினன். நீங்கள் என்னைச் சாகடிச்சதோட சரி. நல்லதா ஒரு சொல்லும் எழுதேல்லை" என்றார்.

"முந்தி எழுதினது போதாதே?" என்றேன். "அந்த மனு. அதுக்கு முதல் மன்னிப்புக் கேக்கோணும்."

கையை வீசினார். "எண்பத்தொண்டு எண்டு எழுதியிருந்தீங்கள். என்ர கொப்பியில தொண்ணூற்றொண்டு. பெடியன் களைச்சிட்டான் எண்டு எடுத்தனான். உங்கடையை வாசிச்சுப்போட்டு, வீடியோவைப் போட்டு இருந்து எண்ணினன். எண்பத்தொண்டுதான். எல்லாரும் எனக்கு வயசு போட்டுது எண்டு சொன்னவை. நீங்கள் ஒரு ஆள்தான் என்ன பிழை எண்டு சொன்னது."

நான் சொன்னது சரி என்பதில் முதல் தடவையாக எனக்குப் பெருமை வரவில்லை. இதையும் விட்டால் இனி இல்லை என்று, பாடமாக்கிய வசனத்தை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். என் மனிதர் நோயோடு இருந்தபோது நீங்கள் அவரை எழுப்பி விட்டீர்கள், இரக்கப்பட்டு அந்தப் பலகையைக் கொடுத்தீர்கள், வாழ்நாள் முழுக்க நன்றி.

ரெஜான் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "இரக்கமோ? அண்டைக்கு எனக்கு அவற்ற நோயைப் பற்றி ஒண்டும் தெரியாதே."

"அப்ப ஏன் இவரைக் கேட்டனீங்கள்?"

"ஏணியை ஆரோ களவெடுத்துக்கொண்டு போட்டாங்கள். மேல் வரிசை ஆணி எங்கள் ஒருத்தருக்கும் எட்டாது. வாங்கைப் பார்த்தன். எல்லாற்ற தலைக்கும் மேலால ஒரு தலை. நல்ல நெடுவல் மனுசன் ஒருத்தர் சும்மா இருக்கிறார் எண்டு போய்க் கேட்டன்."

"கை ஏலாதது?"

"ரெண்டாம் கிழமைதான் கண்டனான். அதுக்குள்ள மற்றக் கையால வடிவாக் கொழுவிக்கொண்டு நிண்டார். பேந்து என்னத்தைக் கேக்கிறது?"

நான் திரும்பி என் மனிதரைப் பார்த்தேன். அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. இருபத்தொன்பது வருடத்துக்கு முன் இந்த நாட்டு விமான நிலையத்தில், படத்தில் மட்டும் கண்ட மாப்பிள்ளையைத் தேடி வந்தபோது, கூட்டத்துக்கு மேலால் தெரிந்த இந்தத் தலையைக் குறியாக வைத்துக்கொண்டுதான் நடந்து போனேன். அதை நான் மறந்துவிட்டேன். டொக்டர்மாரும் சொந்தக்காரரும் கையைப் பார்த்தார்கள், வாயைப் பார்த்தார்கள். எட்டு மாதம் நானும் அதைத்தான் பார்த்தேன். ஒரு அந்நிய மனுசன் வந்து, ஒரு நெடுவலைப் பார்த்தார்.

இவர் மெதுவாகப் பிரெஞ்சில் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத்தான் வரும். "ஏணி… பிறகு… வரேல்லையோ?"

ரெஜான் பெயின்ட் வாளியைக் குனிந்து பார்த்தார். "வந்தது. அடுத்த மாதமே நகரசபை புதுசு ஒண்டு தந்தது."

"நான்… காணேல்லை."

"ஓம். பண்டகசாலைக்குப் பின்னால சாத்தி, மேல தார்ப்பாயைப் போட்டுவிட்டன். இப்பவும் அங்கதான் கிடக்கு. விதுர்சனுக்கும் சொல்லித்தான் விட்டனான், எடுக்க வேண்டாம் எண்டு."

எனக்குக் கண் மறைத்தது. பாடமாக்கிய வசனம் முடிந்துவிட்டது, இதற்கு ஏற்ற பிரெஞ்சு என்னிடம் இல்லை. பெயின்ட் பூசிய அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். செயின்ட்-மிஷேல் முழுக்கப் பேர்போன என் வாயில் வந்தது எங்கள் தமிழில் மூன்றே மூன்று சொல்.

"நீங்கள் நல்லா இருக்கோணும்."

ரெஜானுக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறா என்று என் மனிதரைப் பார்த்தார். இவர் கிட்ட வந்து, என் தோளில் இடக்கையை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, ஒன்றையும் விடாமல், அவருக்குப் பிரெஞ்சில் சொன்னார்.